பெருநாள் கழித்துப் போட்டுக்கொள்கிறோம்

பஸ்ரா,
பெருநாளுக்கு முந்தின நாள்.

அன்பு மகன் முதன்னாவுக்கு உம்மாவின் ஸலாம். நீயும் மருமகளும் குழந்தையும் அந்தக் குளிரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். வாப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், வாய் மட்டும் குறையவில்லை. போனில் நான் சரியாகப் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டாயாம், உன் தங்கை ரிஹாப் பக்கத்திலேயே இருந்தாள், அவள் காதுபட எதைச் சொல்வேன்.

நோன்பு தொடங்கியதுமே எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தட்டம்மையோடு ஒரு குழந்தை வந்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் தடுப்பூசி போடும் பொறுப்பு என் தலையில். ஊசியால் நோன்பு முறியாது என்று இமாமைக் கூட்டி வந்தே சொல்ல வைத்தேன். தலையை ஆட்டிவிட்டு, காய்ச்சல் வந்தால் மாத்திரை விழுங்க வேண்டுமே, பெருநாள் கழித்துப் போட்டுக்கொள்கிறோம் என்று நழுவினார்கள். சரி, நோன்பு திறந்த பிறகாவது வாருங்கள் என்று மேசை போட்டு உட்கார்ந்தேன். அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் வந்தது ஒரே ஆள், குழந்தைகள் வார்டு நர்ஸ் ஷாகிர், ரிஹாபோடு வேலை பார்க்கிறவன். குப்பியைத் திறந்தால் பத்துப் பேருக்குப் போட வேண்டும், மிஞ்சியதைக் கொட்டித்தான் ஆக வேண்டும். மருந்துக் கிடங்கு அதிகாரி சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "ஒருத்தனுக்காக உடைக்க முடியாது சிஸ்டர், ஆள் சேர்த்துட்டு வாங்க" என்றார். ஷாகிரும் சிரித்துக்கொண்டே, "பரவால்லக்கா, பெருநாள் கழிச்சு மொத ஆளா நான் வந்து நிக்கிறேன்" என்று போய்விட்டான்.

அவன் இப்போது தட்டம்மையோடு தனி அறையில் கிடக்கிறான், மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். முதலில் கண்தான் கூசியது, விளக்கை அணைக்கச் சொன்னானாம். இப்போது என் மேசையிலிருந்து வாசல் வரைக்கும் வரிசை நிற்கிறது, அதே அதிகாரி கேட்காமலே குப்பிகளை எடுத்துத் தருகிறார். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ரிஹாப் பொருளாதாரத் தடைக் காலத்தில் பிறந்தவள், அந்த வருஷம் ஊசி மருந்தே வரவில்லை. இப்போது வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை, போடவும் கூடாது. சுற்றி இருக்கிறவர்கள் போட்டுக்கொண்டால்தான் அவளுக்குக் காவல். ஷாகிர் படுத்த அன்றே அவளை லீவு போட வைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன், ஆனால் அதுவரை ஒரே அறையில்தான் வேலை பார்த்தார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது மகனே.

அல்லாஹ் உங்கள் மூவரையும் நோயில்லாமல் வைக்கட்டும். குழந்தையின் இரண்டாவது ஊசியை ஒரு நாளும் தள்ளிப்போடாதே. தங்கைக்காக துஆ செய், அவளிடம் எதுவும் கேட்காதே. மதியம் முழுக்கப் பெருநாள் பலகாரத்துக்குப் பேரீச்சம்பழம் பிசைந்துவிட்டுப் படுத்திருக்கிறாள். இதோ, உள்ளறையிலிருந்து கூப்பிடுகிறாள். "உம்மா, கண்ணு கூசுது, அந்தத் திரைய இழுத்து விடுங்களேன்."

வெயில் எப்போதோ இறங்கிவிட்டது.

உன் உம்மா,
சாஜிதா