பெட்டியின் வாசல்

செவ்வாய்

அன்புள்ள சுண்டெலிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற கதவையும் தாழ் போட்டுவிட்டாய். குழாய் ரிப்பேர் பார்க்கிறவனைப் பேனா பிடிக்க வைத்த பாவம் உன்னைத்தான் சேரும். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாராமே. முகம் பூசணிக்காய் மாதிரி இருக்கிறதாமே. "இப்பத்தான் மனுஷன் கொஞ்சம் பூசினாப்ல இருக்காரு"ன்னு உன் அண்ணியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

தேனீ என்றால் கொட்டத்தான் செய்யும். வளர்க்க நானும் புதுசு, வளர அதுகளும் புதுசு. முதல் தேன் உனக்குத்தான் என்ற பேச்சில் மாற்றமில்லை. கோபத்தை விடு.

உன் அண்ணன்

புதன்

அண்ணனுக்கு,

'அன்புள்ள' போட மனசு வரவில்லை.

துணி எடுக்கப் போனவர் கொடிக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டார். தொண்டை வீங்கி மூச்சு வரவில்லை. பேச முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் சொன்னதை எழுதவே பயமாக இருக்கிறது. இனி ஒரு தேனீ கொட்டினாலும் ஆபத்தாம். நீ பூசணிக்காய் என்கிறாய்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். தேனீப் பெட்டி வந்த அன்று அதன் வாசல் உங்கள் சமையலறையைப் பார்த்து இருந்தது. இப்போது எங்கள் துணிக்கொடியைப் பார்த்து இருக்கிறது. தேனீக்களா தூக்கித் திருப்பின?

தங்கை

வியாழன்

சுண்டெலி,

நான்தான் திருப்பினேன்.

உன் அண்ணிக்குக் காதில் ஒன்று கொட்டிவிட்டது. "இது இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்"னு நின்றுவிட்டாள். பெட்டி கொடுத்தவர் முதலிலேயே சொன்னார், "வாசலுக்கு எதிர்ல ஆள் நடமாடக் கூடாது, பறக்கிற வழியில நின்னா கொட்டும்." காதில் வாங்கிக்கொண்டுதான் உங்கள் பக்கம் திருப்பினேன். உன்னிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதனால் கேட்கவில்லை.

நேற்று பொழுது சாய்ந்து எல்லாம் உள்ளே அடைந்ததும் வாசலை மூடி, பெட்டியைக் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வழியெல்லாம் மடியில் வைத்திருந்தேன். உள்ளே ஒரே இரைச்சல். அதுகள் என்ன செய்யும், பாவம்.

மாப்பிள்ளையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாக நீயே சொல்லிவிடு. நீ சொன்னால் தலையாட்டிவிடுவார். வேறு என்ன செய்வார், உன்னைக் கட்டிக்கொண்டவர்.

அண்ணன்

வெள்ளி

அண்ணா,

ஒரு கடிதத்தைக்கூட உன்னால் கிண்டல் இல்லாமல் முடிக்க முடியாது. கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "தெரியாமப் பண்ணிட்டாரு, விடு"ன்னார். தெரிந்து செய்தாய் என்ற வரியை நான் படிக்கவில்லை. படிக்க வாய் வரவில்லை. இப்போது உன் குற்றத்தில் எனக்கும் பங்கு வந்துவிட்டது.

அந்த வரியை நீ வந்து சொல்லு. அவர் எதிரில் உட்கார்ந்து, உன் வாயால். நாளை மத்தியானம் வீட்டில்தான் இருப்போம். நானும் பக்கத்தில் இருப்பேன். நடுவில் ஒரு தமாஷ் வந்தால் எழுந்து போய்விடுவேன், அண்ணா, பிறகு கூப்பிட மாட்டேன்.

உன் தங்கை