மூன்றாவது இடத்துப் பண்ணை

மார்ச் 4

என் பண்ணையை அழித்துவிட்டார்கள்.

நாளை நூலகத்துக்குப் புகார் எழுத வேண்டும். அதற்கு முன் இங்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன்.

நூலகத்தில் புத்தகங்களைப் போலவே கையடக்கக் கருவிக்கான விளையாட்டு அட்டைகளையும் இரவல் தருகிறார்கள். மூன்று வாரத் தவணை. திருப்பிக் கொடுத்ததும் அடுத்தவர் எடுத்துப் போவார். நாம் விளையாடியது அந்த அட்டைக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். பண்ணை விளையாட்டில் சேமிக்க மூன்று இடங்கள். மூன்றாவது என்னுடையது. 'அக்கா' என்று ஆங்கில எழுத்தில் பெயர். அட்டை ஊர் சுற்றப் போன நாட்களில் காத்திருந்து, வந்த நாட்களில் உழுது, பதினான்கு மாதம் ஆயிற்று.

இன்று திறந்தால் மூன்றாவது இடத்தில் 'சைரன்' என்று யாரோ. முதல் இடத்திலும் அதே சைரன். என் பசு இல்லை. பதினொரு கோழியும் இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் கல் பொறுக்கிச் சீராக்கிய அரைக் காணி — இல்லவே இல்லை.

அடுத்தவர் இடத்தைத் தொடக் கூடாது. யாரும் சொல்லித் தரவில்லை, எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரிந்தது இந்த ஆளுக்கு ஏன் தெரியவில்லை?

தங்கை கதவருகில் நின்று கேட்டாள்: "போனது ஒரு பொம்மை மாடு. அதுக்காக சாப்பிடாம உட்காருவியா?"

"பொம்மையாவே இருக்கட்டும்டி. என் மாடு."

மார்ச் 5

புகார் எழுதியாயிற்று. மூன்று பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை.

மார்ச் 6

நூலகரிடம் நேரில் கொடுத்தேன். சின்ன வயதுக்காரர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "அம்மா, மாடு எப்ப காணாமப் போச்சுன்னு போலீஸ்ல சொல்லிட்டீங்களா?" என்றார். பிறகு இரண்டாம் பக்கம் வந்தது. சிரிப்பு போய்விட்டது. அந்தப் பக்கத்தை மட்டும் இங்கே குறித்துக்கொள்கிறேன்.

முப்பத்தோரு வருடம் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்புத் தேய்த்தேன். பள்ளிக்குப் போனதில்லை. விரிப்பின் ஓரத்தில் வார்டு பெயர் தைத்திருக்கும், அதைப் பார்த்துத்தான் இரண்டு மொழிக்கும் எழுத்துக் கற்றேன். வலது கையில் இரண்டு விரல் சூட்டு உருளையில் மாட்டி விறைத்துப்போயின. இனி மடங்காது என்று கூடத்தில் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மேல் மாடியில் குடியிருந்தவர் வீடு மாறும்போது, குப்பையில் போடச் சொல்லிக் கொடுத்ததுதான் இந்தக் கருவி. நான் போடவில்லை. முதலில் கட்டை அடுக்கும் விளையாட்டு. விழ விழ அடுக்க வேண்டும். விரிப்பு மடிக்கிற வேலைதான், எனக்கு யார் சொல்லித் தர வேண்டும்? பிறகு மீன்பிடி. பிறகு பண்ணை. எட்டாவது மாதம் மோதிர விரல் மடங்கியது. மருத்துவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அறுபத்தெட்டு வயதில் எனக்கென்று இருந்த நிலம் அது ஒன்றுதான்.

மார்ச் 7

பண்ணை அட்டையை முன்கூட்டியே திருப்பிவிட்டேன். வேறொருவர் நிலத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பெட்டிக்குள் ஒரு சீட்டு வைத்தேன்: "மூன்றாம் இடத்திலிருந்த பண்ணையை அழித்தவர் யார்? ஆண்மை இருந்தால் நேரில் வரவும்."

பெண்ணாக இருந்தால்? திரும்பிப் போய் 'ஆண்மை'யை அடித்து 'மனசாட்சி' என்று எழுதினேன்.

மார்ச் 12

கோபத்தில் வேறு வேறு அட்டைகளாக எடுத்து வருகிறேன். குத்துச்சண்டை: இரண்டு நிமிடத்தில் மல்லாந்தேன். துப்பறியும் கதை: கொலைகாரன் சமையல்காரன் என்று முதல் அறையிலேயே சொன்னேன், கருவி ஒப்புக்கொள்ள நான்கு நாள் ஆயிற்று. வாள்வீரன் கதை: ஆள் ஓயாமல் பேசுகிறான், வாளை எடுப்பதே இல்லை.

கார் பந்தயத்தைத் தங்கை பிடுங்கிக்கொண்டாள். வளைவு வந்தால் அவளும் சாய்கிறாள், நாற்காலியும் சாய்கிறது. "பொம்மைக் கார்தானே?" என்றேன். "பேசாதே, முந்தறான்!"

மார்ச் 19

நூலகக் கதவில் அறிவிப்பு. புகார் வந்திருப்பதால் ஏப்ரல் பதினைந்து முதல் விளையாட்டு அட்டைகள் இரவல் தரப்படமாட்டாது.

புகார். என் புகார்.

நூலகரிடம் போனேன். "நான் திருத்தச் சொன்னேன். நிறுத்தச் சொல்லலையே!"

"நூலகக் குழுவுல படிச்சாங்கம்மா. திருத்தறதுக்கு ஆள் வேணும், நிறுத்தறதுக்கு ஒரு கையெழுத்து போதும்."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. நான் கேட்டது ஒரு பண்ணை. அவர்கள் எடுத்தது அலமாரி முழுவதையும். நான் என்னத்தடி பண்ணிட்டேன்? தங்கை கருவியை அணைத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதுவே ஒரு மாதிரி இருந்தது.

மார்ச் 21

நூலகத்துக்குத் திரும்பி வந்திருந்த பண்ணைப் பெட்டிக்குள் என் சீட்டுக்குக் கீழே பதில்: "நான்தான். வியாழன் பதினொரு மணிக்கு நூலகத்தில் இருப்பேன். திட்டு வாங்கத் தயார். — சைரன்."

கையெழுத்து கோணல். ஆனால் வருகிறேன் என்று எழுதியிருக்கிறார்.

மார்ச் 26

ஆம்புலன்ஸ் ஓட்டுநர். ஐம்பது வயது இருக்கும். சீருடையோடு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வண்டியில அடுத்த அழைப்புக்குக் காத்திருக்கும்போது விளையாடுவேன்மா. சேமிக்கிற பக்கம் திறந்திருந்துச்சு, அழைப்பு வந்துருச்சு. அவசரத்துல மூணாவதுல அமுக்கிட்டேன். மறுநாள்தான் பார்த்தேன். யாரு 'அக்கா'ன்னு தெரியாம, யாருகிட்ட மன்னிப்பு கேக்கறது?"

இருபத்திரண்டு நாளாகச் சேர்த்து வைத்த வசவெல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. கேட்டது வேறு. "அழைப்பு யாருக்கு?"

"ஏணியில இருந்து விழுந்த ஒரு பெயிண்டர். பொழைச்சுட்டார். போன வாரம் நடந்தே வீட்டுக்குப் போனார்."

ஒரு பண்ணைக்கு ஒரு பெயிண்டர். சரி. இதற்கு மேல் நான் என்ன பேசுவது?

பேசினேன். "சரி, உங்க பசுவுக்கு ஏன் புல்லு வைக்கறதில்ல? திறந்து பார்த்தேன், எலும்பு தெரியுது."

அவர் உட்கார்ந்தார். "எனக்கு மீன் பிடிக்கத்தான்மா தெரியும். மூணாவதுல இருக்கறது என் பண்ணையோட நகல்தானே. அதை நீங்களே வச்சுக்குங்க. உங்க கையில பொழைக்கட்டும்." தூண்டிலை வீச எந்த நேரம் நல்லது என்று சொல்லித் தந்தார். இதுவரை யாரும் எனக்கு எதையும் சொல்லித் தந்ததில்லை. கேட்டுக்கொண்டேன்.

அறிவிப்பைப் பற்றிச் சொன்னதும் அவர் முகம் விழுந்துவிட்டது. "விளையாடற அந்த அரை மணி நேரம் இல்லன்னா, வண்டியில ஏத்தினவங்க முகமெல்லாம் கண்ணு முன்னாடி நிக்கும்மா."

குழுக் கூட்டத்துக்கு இருவரும் போகிறோம்.

ஏப்ரல் 2

குழுத் தலைவர், "இதெல்லாம் பிள்ளைங்க சமாச்சாரம்" என்றார். நூலகர் யாரும் கேட்காமலேயே எழுந்து இரவல் பதிவேட்டைத் திறந்தார். எடுப்பவர்கள் பதினேழு பேர். பள்ளிப் பிள்ளைகள் ஆறு. மீதிப் பேர் — ஒரு தையல்காரர், ஒரு பல் மருத்துவர், இரண்டு கடைக்காரர்கள், மூட்டு அறுவை செய்துகொண்ட ஒரு வாத்தியார்... அந்த நூலகர் பையனைத் தப்பாக நினைத்திருந்தேன்.

நான், மடங்காது என்று எழுதிக் கொடுத்த மோதிர விரலை மடக்கிக் காட்டினேன்.

ஆறு மாதம் பார்க்கலாம் என்றார்கள். அட்டைகளுக்குப் பொறுப்பு நான் ஏற்க வேண்டும். புகாரைத் 'திரும்பப் பெறுகிறேன்' என்று எழுதித் தர வேண்டும்.

மாட்டேன் என்றேன்.

ஓட்டுநர் மேசைக்கடியில் என் காலைத் தட்டினார். தட்டட்டும். நடந்தது நடந்ததுதானே? பொய்ப் புகார் கொடுத்தவள் என்று ஏன் எழுதித் தர வேண்டும்? 'புகார் தீர்ந்தது' என்று எழுதுகிறேன், அதுதான் உண்மை என்றேன். அரை மணி நேரம் போனது. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. சலவைக்கூடத்தில் நின்ற கால் இது.

'தீர்ந்தது' என்றே எழுதினேன்.

வெளியே வந்ததும் ஓட்டுநர் சொன்னார்: "உங்களை ஏத்திக்கிட்டுப் போனா சைரனே வேணாம்மா, ரோடு தானா விலகும்."

ஏப்ரல் 11

மூன்றாவது இடத்தில் பசு தேறிவிட்டது. பெயரை மாற்ற வழியில்லை, அதனால் விளையாட்டு ஊரில் எல்லோரும் என்னைச் சைரன் என்கிறார்கள். இந்த வீட்டிலும் ஒருத்தி அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் இங்கேயும் அதே கல். பொறுக்கத் தொடங்கிவிட்டேன்.

ஏப்ரல் 14

எதற்கு என்று தெரியவில்லை, இன்று மனம் நிறைந்திருக்கிறது. குப்பையில் போடச் சொல்லிக் கொடுத்தாரே, அந்த மேல் மாடிக்காரருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. எங்கே குடியிருக்கிறாரோ.

ஏப்ரல் 15

அலமாரி இருக்கிறது. காலையில் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

இனி ஆக வேண்டியவை:

நூலகர் — ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். எந்த இடம் யாருடையது என்று மூன்று கட்டம். பேனாவில், பென்சில் கூடாது.

ஓட்டுநர் — அழைப்பு வந்தால் எதையும் அமுக்காமல் கருவியை மூடி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். பிடித்த மீன் போனால் போகட்டும்.

குழுத் தலைவர் — ஆறு மாதம் கழித்து நேரில் வந்து பார்க்க வேண்டும். கட்டை அடுக்கும் அட்டையை அவருக்காக எடுத்து வைக்கிறேன்.

தங்கை — கார் பந்தயத்தை வியாழனுக்குள் திருப்ப வேண்டும். தவணை தாண்டியாயிற்று, பின்னால் நான்கு பேர் காத்திருக்கிறார்கள். பல் மருத்துவரும் அதில் ஒருவர். அழுதாலும் சரி.

நான் — இந்த வாரம் ஓட்டுநருக்கு ஓய்வே இல்லை. அட்டை என்னிடம் இருக்கிறது. முதல் இடத்தில் இருக்கும் அவருடைய பசுவுக்கும் புல் வைக்கச் சொல்லியிருக்கிறார். தொடலாம் என்று எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். புல் வைத்ததும் முதல் இடத்தில்தான் சேமிக்க வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இரண்டு முறை பார்த்து, மடங்குகிற விரலால் அமுக்க வேண்டும்.