கூப்பிட்டது என் பெயரை

பாப்பாரப்பட்டி,
புதன்கிழமை.

அன்பு மகள் பிளசிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் தம்பி ஆண்டோவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த லூதியானாப் பயிற்சி முகாமில், அந்தக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டிக்கொள்கிறோம். போனில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது, நீயும் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

உன் அணி மேலாளர் கையெழுத்துக் கேட்ட தாளை நீ படமெடுத்து அனுப்பினாயே, அதை நாலு தடவை படித்தேன். என் கவனக்குறைவால் கடைசி முறை மேடைக்குச் செல்லத் தவறினேன் என்று அவரே தட்டச்சு செய்து, கீழே நீ கையெழுத்துப் போடக் கோடும் இழுத்து வைத்திருக்கிறார். யாருடைய கவனக்குறைவு? உன் பக்கத்தில் நிற்பதற்குத்தானே வலுதூக்கும் சங்கம் அவரை விமானத்தில் ஏற்றி அத்தனை நாட்டுக்காரர்கள் கூடும் போட்டிக்கு அனுப்பியது? ஸ்குவாட்டில் மூன்று, பெஞ்ச் பிரஸ்ஸில் மூன்று, டெட்லிஃப்ட்டில் இரண்டு என்று எட்டு முறையும் அவர் தோளைத் தட்டினார், நீ எழுந்து போனாய், ஒலிபெருக்கியில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டிய அவசியமே உனக்கு வரவில்லை. ஒன்பதாவது முறை, நூற்று எண்பத்தைந்து கிலோ, தூக்கினால் மூன்றாம் இடம் என்ற நேரத்தில் அவர் யாரோடோ படம் எடுத்துக்கொள்ளப் போய்விட்டார். கம்பியில் எடை ஏற்றியாயிற்று என்று அறிவித்த பிறகு ஒரே நிமிடம்தான், அதற்குள் தூக்கத் தொடங்காவிட்டால் அந்த முறை போயிற்று. ஸ்டானிஸ்லவ், ஸ்டானிஸ்லவ் என்று கூப்பிட்டதை, போலந்துக்காரப் பெண் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நீ உள்ளே உட்கார்ந்து கையில் வெள்ளைப் பொடி பூசிக்கொண்டிருந்தாய். என் ஞானஸ்நானப் பெயர் ஊர் வாயில் தேய்ந்து, தனிசு வாத்தியார், தனிசு மாமா என்றே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அது தன் அப்பன் பெயர் என்று எப்படித் தெரியும்? நம் பக்கத்தில் அப்பன் பெயர் பெண்ணுக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்து. எஸ்.பிளசி, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தால் உன் பெரியப்பா சவுரியப்பன் பத்துப் பேர் நடுவில், ஏன் தனிசு, பேரைக் கூப்புட்டா எந்திரிச்சுப் போவத் தெரியலையா, நீ வூட்டுல அட்டெண்டென்ஸே எடுக்கலையா என்று கேட்டுச் சிரிக்கிறார். நீ முதன்முதலாகத் தர்மபுரி ஜிம்முக்குப் போனபோது, பொட்டப்புள்ள மூட்டை தூக்கப் போவுதா என்று கேட்ட அதே வாய். அவ நூத்தி எழுவத்தேழரை கிலோவத் தரையில இருந்து எடுத்தாளுங்கண்ணா, உங்களக் கட்டில்ல இருந்து எடுக்கவே ரெண்டு ஆளு வேணும் என்று சொல்லிவிட்டு வந்தேன். உன் அம்மா வழியெல்லாம் என்னைத் திட்டினாள், ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவளே அதை ஆண்டோவிடம் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் அம்மா உன்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறாள். பெரியவங்களப் பகைச்சுக்கிட்டு அவ்வளவு தூரத்துல ஒத்தையா எப்படிங்க இருப்பா, போட்டுக் குடுத்துட்டு அடுத்த வருசம் தூக்கட்டும் என்கிறாள். அடுத்த வருடம் வராது பிளசி. நான் எம்.எஸ்ஸி. முடித்து வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம், தலைமையாசிரியர் பூட்டாமல் விட்ட அறையிலிருந்து விடைத்தாள் கட்டு ஒன்று காணாமல் போனது. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி சார் என்று என் முன்னால் ஒரு தாளை வைத்தார். அதிலும் இதே சொல்தான், கவனக்குறைவு. போட்டேன். கட்டு மறுநாளே பீரோவுக்குப் பின்னால் கிடைத்தது, தாள் மட்டும் என் கோப்பிலேயே தங்கிவிட்டது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு பேர் தலைமையாசிரியராகி ஓய்வும் பெற்றுவிட்டார்கள். உன் தேர்வுக் குழுவில் யார் உட்கார்ந்தாலும் முதலில் அந்தத் தாளைத்தான் புரட்டுவார்கள். நூற்று எண்பத்தைந்து கிலோ எந்தக் கோப்பிலும் இருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது கம்ப்யூட்டர் சென்டர் கோவிந்தன், சார், சர்நேம் கட்டத்தக் காலியா விட்டுடலாமுங்க, நம்ம ஆளுங்க நெறைய பேரு அப்படித்தான் விடுறாங்க என்றான். எனக்கு ஃபாரம் ஃபில் பண்ண நீ சொல்லித்தரியா என்று பத்துப் பேர் முன்னால் அவனை அதட்டிவிட்டு, என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி அந்தக் கட்டத்தில் அடிக்க வைத்தது நான்தான். என் பெயர் உன்னோடு விமானம் ஏறட்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. போன வாரம் நீ, உங்க பேரை எடுத்துடப் போறேம்பா என்றபோது நான் கத்தியது தப்பு. எடுத்துவிடு. அதற்கு என்ன தாள் வேண்டுமோ சொல், அனுப்புகிறேன்.

சங்கத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி இன்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன், நகல் இதோடு இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்பியது நான், அதற்கு விளக்கம் வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள், அந்த ஒரு நிமிடம் மேலாளர் எங்கே இருந்தார் என்று அவரிடம் கேளுங்கள், என் மகளிடம் கேட்க உங்களுக்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறேன். கோபமான வார்த்தை ஏதாவது இருக்கிறதா என்று ஆண்டோ இரண்டு முறை பார்த்து மூன்றை அடித்துவிட்டான்.

முதுகு வலிக்கு அம்மா தைலம் அனுப்பியிருக்கிறாள், வெறும் வயிற்றோடு பயிற்சிக்குப் போகாதே. மாதா உனக்குத் துணையிருப்பாள், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்க மேலாளர் வந்து பேனாவை நீட்டினால் வாங்காதே. அப்பா எழுதிவிட்டார் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா