உறுதியாகச் சொல்ல முடியாது

பிப்ரவரி 11, செவ்வாய்

சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கு இன்னும் பத்து வாரம். மாதிரித் தேர்வில் ‘இப்படியானால் அப்படி’ வகைக் கேள்விகள் இருபத்தைந்தில் பதினொன்று தப்பு. எல்லாம் ஒரே தப்பு. தீப்பிடித்தால் மணி அடிக்கும், மணி அடித்தது. உடனே நான் தீயைக் குறிக்கிறேன். விடை (ஈ): உறுதியாகச் சொல்ல முடியாது. மணி வேறு எதற்காகவும் அடித்திருக்கலாம். இவ்வளவு நாவல் படித்தும் இது ஏன் ஏறவில்லை? ஒருவேளை நாவல் படித்ததால்தானோ. அங்கே மணி அடித்தால் கட்டாயம் தீ இருக்கும்.

பிப்ரவரி 13, வியாழன்

கிழக்கு மூலைத் திராட்சைக் கொடிகளில் சாம்பல் நோய் தொடங்கிவிட்டது என்று கந்தக மருந்து வாங்க அப்பா என்னைக் கம்பம் டவுனுக்கு அனுப்பினார். நூலகத்தில் கேள்விகளோடு உட்கார்ந்தவள் மறந்தே போனேன். திரும்பும் பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது. “கடையில இல்லப்பா, திங்கக்கிழமை வருமாம்” என்றேன். அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “சரி ஆத்தா” என்றார்.

பிப்ரவரி 17, திங்கள்

மருந்து வாங்கி, அடித்தாயிற்று. நான்கு நாளில் என்ன ஆகிவிடும்.

மார்ச் 4, செவ்வாய்

கிழக்கு மூலையில் பழம் வெடித்துவிட்டது. குலை குலையாக. ஈ மொய்க்கிறது.

பந்தலுக்குள் சொத்தைக் காய் பொறுக்கிக்கொண்டிருந்த எட்டுப் பெண்களுக்கு முன்னால் அப்பா கத்தினார். யாரும் கேட்காமலே நான் சொன்னேன்: “தண்ணி கூடிப்போனா வெடிக்கும்லப்பா. பவுனக்கா வால்வ அடைக்க மறந்திருக்கும்.”

தண்ணீர் திறந்து அடைப்பது பவுனக்காவின் வேலை. ஆறு வருடமாக.

“நேரம் பாத்துத்தான் அடைச்சேன் பாப்பா. நீயும் அங்கனதான நின்ன?” என்றார் என்னிடம். அப்பாவிடம் அல்ல.

நான் கீழே பார்த்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

மார்ச் 6, வியாழன்

பதினான்காவது கேள்வி. பொருள் வேறு, வடிவம் அதேதான். முதல்முறையாக யோசிக்காமலே (ஈ) போட்டேன். சரி.

போட்ட பிறகு பேனாவை வைத்துவிட்டேன். தண்ணீர் கூடினால் பழம் வெடிக்கும். பழம் வெடித்திருக்கிறது. ஆகவே—

ஆகவே ஒன்றுமில்லை.

தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். வெடித்த பழம் ஒவ்வொன்றின் தோலிலும் சாம்பல். நோய் பிடித்த தோல் விரியாது, உள்ளே சதை பருக்கும்போது பிளந்துவிடும். இது எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். அப்படியானால் அன்றைக்குத் தெரியாமலா சொன்னேன்? தர்க்கத்தில் தவறினேன் என்று எழுதிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. இல்லடி. மருந்துன்னு யாராச்சும் வாயெடுக்கறதுக்கு முன்னாடி தண்ணின்னு சொல்லிட்ட. அவ்வளவுதான்.

மார்ச் 7, வெள்ளி

அப்பாவிடம் இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 10, திங்கள்

காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது கேரளாவுக்கு ஏலக்காய் எஸ்டேட் வேலைக்குப் போகும் ஜீப் வந்து நின்றது. பதினாறு பேர் திணித்திருந்தார்கள். பின்னால், கதவுக் கம்பியைப் பிடித்தபடி பவுனக்கா. முழங்கால் வலி என்று மலை ஏறுவதையே விட்டிருந்தவர்.

“என்னா பாப்பா, படிப்பெல்லாம் ஓடுதா?”

தலையாட்டினேன்.

“வக்கீலானப்புறமாச்சும் ரெண்டு பக்கமும் கேளு.”

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பஸ் வந்தும் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

அப்பாவிடம் சொன்னேன். நூலகம், மறந்தது, பொய், எல்லாம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தெரியும். அன்னைக்கே கடைக்குப் போன் போட்டேன். மூடை மூடையாக் கெடக்குன்னாக.”

“பெறகு ஏன்ப்பா பவுனக்காவ...”

“நீ சொல்லிட்ட. எட்டுப் பேர் நிக்கிறாக. எம்பிள்ள பொய் சொல்லுதுன்னு அங்கன வச்சுச் சொல்லச் சொல்றியா?”

என் முகத்தைக் காப்பாற்றத்தான் பவுனக்காவை அனுப்பினாராம். அழக்கூட முடியவில்லை. அழுதால் அப்பா இன்னொரு தடவை காப்பாற்றுவார்.

மார்ச் 16, ஞாயிறு

மலையில் இன்று வேலை இல்லை, எங்கள் தோட்டத்தில் உண்டு. பவுனக்கா வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

“இங்கன சொல்லி என்ன செய்ய? நான் ஏச்சு வாங்குனது பந்தலுக்குள்ள.”

இருவரும் தோட்டத்துக்கு நடந்தோம். அதே எட்டுப் பேருக்கு முன்னால் சொன்னேன். பாதியில் நிறுத்தி, மறுபடி தொடங்கினேன். மகாலட்சுமி அக்கா, “படிச்ச பிள்ளைன்னுதான நாங்களும் நம்புனோம்” என்றார். மோட்டார் ரூம் பக்கமிருந்து அப்பா வந்தார். “எம்மேலயும் தப்பு, பவுனு. வேலைக்கு வா” என்றார்.

போகும்போது பவுனக்கா என்னிடம் மட்டும் சொன்னார்: “நாளைக்கு வரலைன்னா கோவமுன்னு நெனச்சுக்கிறாத. மலைக்குப் போறவளுகளோட சோடி சேந்துபோச்சு. வந்தாலும், மறந்துட்டேன்னு நெனச்சுக்கிறாத.”

மார்ச் 24, திங்கள்

மாதிரித் தேர்வு: இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. வீட்டில் சொல்லவில்லை.

பவுனக்கா இன்றும் வரவில்லை. எட்டு நாளாயிற்று. கோபமா, மலையே பிடித்துப்போனதா, முழங்காலா? வராததை வைத்து எதையும் எழுத எனக்கு உரிமை இல்லை.

காலையில் கிழக்கு மூலை வால்வை நான் திறந்தேன். பக்கத்திலேயே நின்றேன். ஏழு நாற்பதுக்கு நானே அடைத்தேன்.