மஞ்சள் நீராட்டு அன்று எடுத்த படம்

ஜூன் 3, செவ்வாய்

கல்விச் சீர்திருத்தம் பற்றிய ஆவணப்படத்தை இன்று தலவாக்கலையில் ஆசிரியர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். என் மனைவி கிருஷாந்தி அதில் அரை நிமிடம் வருகிறாள். பின்னால் முழுக்க வெறும் பெஞ்சு. "புதுப் பாடத்திட்டம்னா எனக்குப் பயமாத்தான் இருக்கு" என்கிறாள். மிச்சத்தை வெட்டிவிட்டார்கள்.

அவளோடு படிப்பிக்கிற அலோசியஸ் சேர் சும்மா இருப்பாரா? "டீச்சர், பெஞ்சுங்களுக்கா பாடம் எடுக்கிறீங்க?" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீடு இருக்கிற லிந்துலை வரும்வரை என் வான் வண்டியின் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தாள்.

ஜூன் 4

"முப்பத்தாறு பிள்ளைங்க. ரெண்டு வகுப்புக்கு ஒரே அறை. குழுவாப் பிரிச்சுச் செய்யச் சொல்றாங்க. நல்ல திட்டந்தான். எங்க வச்சுப் பிரிக்கிறது, அதுதான் பயம்னு சொன்னேங்க. அது எங்க போச்சு?" என்று காலையில் கிருஷாந்தி கேட்டாள்.

பதினெட்டாம் திகதி இதே படத்தை அதிகாரிகள் பார்க்கப் போகிறார்கள். பிள்ளை இல்லாத பள்ளிக்கூடம் என்று இழுத்து மூடிவிட்டால்?

ஜூன் 5

பிழை என்னுடையது. படம் எடுத்த ஜெனுஷா என்னிடம் வான் வாடகைக்குக் கேட்டபோது, தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவின் கடைசி நாளைக் கொடுத்தேன். அன்று வானுக்கு வேறு ஓட்டம் இல்லை. எல்லாரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடும் மஞ்சள் நீராட்டு அன்று ஒரு பிள்ளையும் பள்ளிக்கு வராது - எனக்குத் தெரியாதா? தெரியும். ஓட்டத்தைத்தான் நினைத்தேன்.

ஜூன் 6

அவளிடம் சொல்லிவிட்டேன். "வான் ஒரு நாள் சும்மா நின்னா உங்களுக்கு உடம்பு நோகுமே" என்றாள். பிறகு என் தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தாள். அவளுக்குக் கோபம் தீர்ந்தது அப்படித்தான் தெரியும்.

ஜூன் 7

பகல் முழுக்க என் மளிகைக் கடையில். மழை.

ஜூன் 9, திங்கள்

ஜெனுஷாவுக்குப் போன் எடுத்தேன்.

"படம் முடிஞ்சிருச்சுண்ணே."

"வித்த சாமானையே நான் மாத்திக் குடுக்கிறேன், தங்கச்சி. அன்னைக்குத் தோட்டமே மஞ்சத்தண்ணி ஊத்திக்கிட்டு இருந்துச்சு."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"சொல்லாதவன் நான்தான்."

"டீச்சர் மறுபடி பேசுவாங்களா?"

போனைக் கிருஷாந்தியிடம் கொடுத்தேன். இருபது வருடம் வியாபாரம் செய்தவன், அவள் பேரம் பேசுவதை வாய் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முடிவானது இது: வரும் வியாழன் பள்ளி தொடங்கியதிலிருந்து முடியும்வரை கமரா வகுப்புக்குள் இருக்கும். பதினெட்டாம் திகதி காட்டும் படத்தில் வெறும் பெஞ்சுக் காட்சி இருக்காது. அவள் பேச்சு மூன்று நிமிடம். வெட்டினால் முதலில் அவளுக்குக் காட்ட வேண்டும். வானும் பகல் சாப்பாடும் என் பொறுப்பு, வாடகை கிடையாது.