மிண்டாதே என்றால் கேட்காத ஜீன்

அண்ணா,

கையிலிருந்து ஸ்பிரிட் வாடை போகவில்லை. திருவனந்தபுரம் ஆய்வுக்கூடத்தில் வைரஸைத் தொடுவதற்கு முன் மேசையையும் கையுறையையும் ஸ்பிரிட் விட்டுத் துடைப்போம். இரணியலில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து, கடியப்பட்டணம் வீட்டுக்கு வந்த பிறகும் அது கூடவே வந்திருக்கிறது. இந்த வாடை அடிக்கிறதா என்றுதான் ஒரு காலத்தில் உன் வாயை முகர்ந்து பார்த்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நீ தள்ளாடி நடக்கத் தொடங்கியபோது கடற்கரை முழுக்க ஒரே முடிவுக்கு வந்தது. "குடிச்சவன வள்ளத்துல ஏத்த முடியாது மக்கா" என்று கூட்டாளிகள் உன்னைக் கழற்றிவிட்டார்கள். அம்மை உன்னைக் கோயிலுக்கு இழுத்துப் போய், இனிக் குடிக்கமாட்டேன் என்று மாதா முன்னால் சத்தியம் செய்ய வைத்தாள். ஒரு சொட்டும் தொட்டறியாத நீ, "அம்மைக்கு நிம்மதின்னா பண்ணிட்டுப் போறேன் ஏட்டி" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் செய்தாய். மறுநாளும் தள்ளாடினாய். குடிகாரன் என்பதோடு சத்தியம் மீறியவன் என்ற பேரும் சேர்ந்தது. அப்பாவும் இப்படித்தான் தள்ளாடிச் செத்தார். அவர் நிஜமாகவே குடித்தார். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மூளையைப் பற்றிப் படித்த எனக்கே வரவில்லை, பிறரை என்ன சொல்ல.

அப்பா வழியாக வந்த ஒரு ஜீன் உன் சிறுமூளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தது. நான் என் ஆய்வையே மாற்றிக்கொண்டேன். வைரஸுக்குள் இருப்பதை வழித்தெறிந்துவிட்டு, அந்தக் கூட்டில் ஒரு சின்ன மரபணுத் துணுக்கை வைத்து நரம்புக்குள் அனுப்புவோம், கெட்ட ஜீன் அனுப்பும் செய்தியை அது வழியிலேயே நறுக்கிவிடும் என்று உனக்கு விளக்கினேன். நீ கேட்டாய்:

"அந்த ஜீனப் பாத்து மிண்டாம கெடன்னு சொல்லப்போற. அதுக்கா ஏட்டி இவ்வளவு படிப்பு?"

வாயைத் திறக்காதே என்பதற்கு நம் பக்கத்தில் மிண்டாதே என்றுதானே சொல்வோம். அதன்பிறகு கூடத்தில், ஜீனின் வாயை அடைக்கும் இந்த முறையை யார் ஜீன் சைலன்சிங் என்று சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அதே கெட்ட ஜீனோடு வளர்த்து, இந்த ஊசி போட்ட எலி, சுழலும் கம்பியில் விழாமல் ஓடும் வீடியோவைக் காட்டினேன். திரும்பத் திரும்பப் பார்த்தாய். அப்போதே உனக்கு நாக்கு குழறத் தொடங்கியிருந்தது.

"எனக்கு எப்பம் போடுவ?"

"சீக்கிரம் அண்ணா."

எலியின் சிறுமூளை ஒரு பயறளவு. மனிதனுடையதில் மருந்து போய்ச் சேராத இடமே அதிகம். கெட்ட ஜீனோடு நல்ல ஜீனின் வாயும் அடைபட்டுப் போகலாம். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். நீ நம்பி, சீக்கிரம் கடலுக்குப் போவேன் என்று அம்மையிடம் சொல்லிவைத்தாய். பிறகு கஞ்சி இறங்கவில்லை. புரையேறிப் புரையேறி நுரையீரல் கெட்டது. பேச்சு முழுக்கப் போன கடைசி வாரத்திலும் என் கையைத் தட்டி, ஊசி குத்துவதுபோல் காட்டிக் கேட்டாய். போடுவேன் என்று நான் தலையாட்டினேன்.

இன்று, மிச்சமிருந்த அந்த எலிகளும் தள்ளாடத் தொடங்கிவிட்டன. பயறளவு மூளையைக்கூட எங்களால் காப்பாற்ற முடியவில்லை. அளவை மாற்றிப் புது எலிகளுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்கிறார் எங்கள் தலைவர். பார்ப்பேன். எனக்கு வேறு வேலை தெரியாது.

என்னையும் ஒரு தடவை பரிசோதித்துக்கொள்ளும்படி நீ எத்தனையோ முறை சொன்னாய். போன மாதம்தான் செய்தேன். எனக்கும் அதே ஜீன், அண்ணா. அம்மையிடம் சொல்லவில்லை. உனக்குச் சீக்கிரம் என்று பொய் சொல்ல நான் இருந்தேன். எனக்கு அதைச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன். நான் சொன்னால் நானே நம்பமாட்டேன்.