நீங்கள் சிரிக்காத இருபத்திரண்டு நாட்கள்

இன்று காலை பக்கத்து வீட்டில், ஆண்டிமடத்திலிருந்து வந்த பலாப்பழத்தை அறுத்தார்கள். வாசம் நம் கூடம் வரை வந்தது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு முதல் ஆளாய் உட்காரும் உங்களை நினைத்துக்கொண்டேன். கூடவே, ஒரு சுளையைக் கடித்துவிட்டு "சப்புன்னு இருக்கு" என்று தட்டைத் தள்ளிவைத்த உங்களையும்.

அது நீங்கள் சிகரெட்டை விட்டிருந்த சமயம். சிமென்ட் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து இருந்த பழக்கத்தை, மகள் கேட்டாள் என்பதற்காக ஒரே நாளில் நிறுத்தினீர்கள். எரிச்சல் வரும், தூக்கம் வராது என்றெல்லாம் சொல்லியிருந்தார்கள். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் நீங்கள் எதிலுமே ஒட்டாமல் போனீர்கள். பிடித்த பாட்டு ஓடினால்கூட எழுந்து போய் ரேடியோவை நிறுத்தினீர்கள்.

இருபத்திரண்டாம் நாள் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்தது. ஓடி வந்து சொன்னாள். "சரிம்மா" என்றீர்கள். அவ்வளவுதான். அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"பெத்த பொண்ணு சந்தோஷம்கூட உங்களுக்குப் பெருசா தெரியலையா? இதுக்கு நீங்க சிகரெட்டே குடிச்சிருக்கலாம்."

நீங்கள் கோபப்படவில்லை. "சந்தோஷப்படணும்னு தெரியுது. வரமாட்டேங்குது" என்றீர்கள். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனீர்கள். திரும்பும்போது கையில் ஜிலேபி, முகத்தில் சிரிப்பு, சட்டையில் அந்தப் பழைய வாடை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

நுரையீரல் கெட்டுப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் நீங்கள் கிடந்தபோது, டாக்டரிடம் அந்த நாட்களைப் பற்றிக் கேட்டேன்.

"சிகரெட் மூளையை அப்படிப் பழக்கிடுதும்மா. அது நின்னுபோனா மத்த எந்தச் சந்தோஷமும் கொஞ்ச நாளைக்கு உறைக்காது. பொறுத்திருந்தா தானா திரும்பியிருக்கும்."

நீங்கள் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அவர் போன பிறகு, "உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. விடு" என்றீர்கள். நீங்கள் இல்லாமல் போன பிறகும் என்னால் விட முடியவில்லை.

போன வாரம் மகள் போனில் அழுதாள். "அவரு சிகரெட்ட விட்டு பன்னண்டு நாள் ஆச்சும்மா. கொழந்தையத் தூக்கினாகூட சிரிக்க மாட்டேங்கிறாரு. என்மேல வெறுப்பு போல."

"வெறுப்பெல்லாம் இல்ல. அவருக்கே அது பிடிபடாது. நீ ஒரு வார்த்தை சொல்லிடாத, பக்கத்துல இரு" என்றேன். உங்களுக்குத் தராத பொறுமையை அவளிடம் கேட்டேன்.

நேற்று விசாரித்தேன். மாப்பிள்ளை இன்னும் சிரிக்கவில்லையாம். அவள் பக்கத்தில்தான் இருக்கிறாளாம்.